தடை உத்தரவு காலத்தில் ஆர்ப்பாட்டம், போனில் ஸ்டேஷனுக்கு அழைப்பு: நமக்கு என்ன உரிமை, எப்படிக் கேட்பது?

வாடைக்காற்று (கேள்வி):

வணக்கம். மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் எங்களுடையது. தடை செய்யப்பட்ட இரட்டைமடி வலையை அதிகாரிகள் நிறுத்த வேண்டும் என்று கேட்டு, நாட்டுப்படகு மீனவர்களும் பாசி எடுக்கும் பெண்களும் சேர்ந்து மீன்வளத்துறை அலுவலகம் முன்பு ஒரு காலை மட்டும் ஆர்ப்பாட்டம் நடத்தத் திட்டம். சுமார் 150 பேர் வருவார்கள். மனு கொடுக்கப் போனவர்களிடம் "மாவட்டம் முழுக்க 163 போட்டிருக்கு, யாரும் கூடக் கூடாது" என்று வாயால் சொல்லி, மனுவை வாங்காமலே அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு நான்கு பேருக்குப் போன்: "விசாரணை இருக்கு, ஸ்டேஷனுக்கு வா." ஒருவர் 64 வயதான சங்கத் தலைவர். ஒருவர் பாசி எடுக்கும் பெண். ஒருவர் வளைகுடா வேலைக்காகப் பாஸ்போர்ட் விண்ணப்பித்திருக்கும் இளைஞர். இன்னொருவர் மண்டபம் முகாமில் பிறந்து வளர்ந்த இலங்கைத் தமிழ்ப் பையன். நோட்டீஸை வாட்ஸ்அப்பில் பகிர்ந்ததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

மாவட்டம் முழுக்கப் போட்ட தடை எல்லாக் கூட்டத்தையும் முடக்கிவிடுமா? போனில் கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டுமா? பிடித்து உட்கார வைத்துவிட்டால் முதல் 24 மணி நேரத்தில் வீட்டார் என்ன செய்ய வேண்டும்? பாஸ்போர்ட் என்ன ஆகும்? முகாம் பையனுக்கும் நமக்கு இருக்கும் உரிமை உண்டா? சட்டம் தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.


வக்கீல்_ராமநாதபுரம்:

முதல் கேள்வியில்தான் மற்றதெல்லாம் தொங்குகிறது, அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

163 என்பது பழைய 144 தான். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) வந்ததில் எண் மாறியது. செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 தேவர் ஜெயந்தி இரண்டையும் ஒட்டி நம் மாவட்டத்தில் ஆண்டுதோறும் இந்த உத்தரவு வருகிறது. அதனாலேயே "163 இருக்கு" என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

அந்த உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். எந்த நிலைமையால் போடப்பட்டது என்ற முக்கிய விவரங்கள் அதிலேயே இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் செல்லாது. நீட்டிக்க வேண்டுமானால் மாநில அரசுதான் நீட்டிக்க முடியும், அதுவும் அதிகபட்சம் இன்னும் ஆறு மாதம். 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: இப்படிப்பட்ட உத்தரவை வெளியிட்டே ஆக வேண்டும், நியாயமான கருத்து வெளிப்பாட்டையோ குறைகூறலையோ அடக்க இதைப் பயன்படுத்தக் கூடாது, திரும்பத் திரும்பப் போடுவது அதிகார துஷ்பிரயோகம்.

ஆகவே முதல் வேலை, உத்தரவின் நகலைக் கையில் வாங்குவது. ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். வாங்கியதும் மூன்று இடத்தைப் பாருங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தப் பகுதி, எந்தச் செயலுக்குத் தடை. "முன் அனுமதி இல்லாமல்" கூடக் கூடாது என்று இருந்தால், அனுமதி கேட்கும் வழியை அந்த உத்தரவே திறந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது "யாரும் கூடக் கூடாது" என்பது உத்தரவில் இல்லாத வார்த்தை. நினைவு நாள் ஊர்வலத்துக்காகப் போட்ட தடைக்கும், கடற்கரையில் இரட்டைமடி வலைக்கு எதிராக 150 பேர் நிற்பதற்கும் என்ன தொடர்பு என்பதை அதிகாரிதான் சொல்ல வேண்டும். தடையை மாற்றவோ விலக்கவோ கேட்டு உத்தரவு போட்டவரிடமே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்தவரை நேரில் கேட்டு, நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

அரசியல் சட்டத்தில் இதன் வேர் 19(1)(பி): ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை. இதைக் கட்டுப்படுத்த 19(3)இல் இரண்டே காரணம்தான் உண்டு. ஒன்று நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், மற்றது பொது ஒழுங்கு. போக்குவரத்து நெருக்கடி, அதிகாரிக்குச் சங்கடம், ஆளும் கட்சிக்குத் தலைவலி இவை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. கட்டுப்பாடு "நியாயமானதா" என்று எப்படி அளப்பது என்பதற்கு இன்றும் நீதிமன்றங்கள் எடுத்துக்காட்டும் அளவுகோல் சென்னை மாகாணத்திலிருந்து போன வழக்குதான்: 1952இல் வி.ஜி. ராவ். எந்த உரிமை, எதற்காகத் தடை, தீமை எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரம், தடை அதற்குப் பொருத்தமா அல்லது மிஞ்சிவிட்டதா என்று பார்க்கச் சொன்னது அந்தத் தீர்ப்பு. "எதிர்க் கோஷ்டி கலாட்டா பண்ணும்" என்று சொல்லி உங்களைத் தடுக்கவும் முடியாது. எதிர்ப்பவர்களின் மிரட்டலைக் காட்டிப் பேச்சுரிமையை அரசு பறிக்க முடியாது என்று 1989இல் ரங்கராஜன் வழக்கு சொல்லிவிட்டது.

ஆனால் அளவுக்கு மீறி நம்பிக்கை கொடுக்கவும் எனக்கு விருப்பமில்லை. இடம், நேரம், ஒலிபெருக்கி, ஆள் எண்ணிக்கை ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் போலீசுக்கு உண்டு. 1972இல் ஹிம்மத் லால் ஷா வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது இதுதான்: தெருவில் கூட்டம் நடத்துவதை ஒழுங்குபடுத்தலாம், தன் இஷ்டத்துக்கு மறுக்க முடியாது. 2020இல் ஷாஹீன் பாக் வழக்கில், பொதுச் சாலையைக் காலவரையின்றி மறித்து உட்கார உரிமை இல்லை என்றும் சொல்லிவிட்டது. பாம்பன் சாலைப் பாலத்தில் உட்காரும் யோசனை யாருக்காவது இருந்தால் தயவுசெய்து கைவிடுங்கள். தீவுக்கு இருக்கும் ஒரே சாலை அது. ஆம்புலன்ஸ் நின்றால் உங்கள் கோரிக்கையைப் பேச ஆள் இருக்காது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 8பி சேர்த்தால் ஐந்து ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்கு.

போன் அழைப்பு பற்றி: நீங்கள் சாட்சியாக, அல்லது விவரம் தெரிந்தவராக அழைக்கப்பட்டால் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 179. அதன்படி அழைப்பு எழுத்தில் வர வேண்டும். பெண், 15 வயதுக்குக் குறைந்த ஆண், 60 வயது கடந்த ஆண், மாற்றுத்திறனாளி, கடும் நோயுற்றவர் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க முடியும். 64 வயதுத் தலைவருக்கும் பாசி எடுக்கும் அந்த அம்மாவுக்கும் இதுவே போதும்: "வீட்டுக்கு வந்து கேளுங்கள், பதில் சொல்கிறோம்." குற்றம் சாட்டப்பட்டவராக அழைத்தால் பிரிவு 35(3) நோட்டீஸ், அதுவும் எழுத்தில். எந்த வழக்கு, எந்தத் தேதி, எந்த நேரம் என்று இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத போன் அழைப்புக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. போகாதீர்கள்.


சேதுக்கரை:

வக்கீல் சார் சொன்ன சட்டத்தில் மாற்றுக் கருத்து இல்லை. "போகாதீர்கள்" என்று அதோடு நிறுத்துவதில் மட்டும் உடன்பாடில்லை. பேசாமல் இருந்துவிட்டால் இரண்டு நாள் கழித்து "கூப்பிட்டும் வரவில்லை, தலைமறைவு" என்று எழுதிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து தூக்கிப் போக அது ஒரு சாக்கு. எனவே போன் வந்த அன்றே ஒரு பதில் போக வேண்டும். இந்த நான்கு வரி போதும்:

"இன்ன தேதி இத்தனை மணிக்கு இந்த எண்ணிலிருந்து என்னை நிலையத்துக்கு வரச் சொன்னீர்கள். விசாரணைக்கு ஒத்துழைக்கத் தயாராக இருக்கிறேன். எந்த வழக்கு, எந்தப் பிரிவின் கீழ் என்பதைக் குறிப்பிட்டு எழுத்தில் அழைப்பாணை தரக் கேட்டுக்கொள்கிறேன். என் முகவரி இது."

இதை நிலைய ஆய்வாளருக்கு ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பி, நகலை டி.எஸ்.பி.க்கும் எஸ்.பி.க்கும் மின்னஞ்சலில் போடுங்கள். முன்பெல்லாம் வீட்டார் இதற்குத் தந்தி அடிப்பார்கள். தேதியும் நேரமும் அஞ்சல் துறையின் சாட்சியோடு நின்றுவிடும். 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. இப்போது அந்த வேலையைச் செய்வது மின்னஞ்சலும் 112க்குப் போட்ட அழைப்பின் பதிவும்தான்.

இளைஞர்கள் போகத்தான் வேண்டும் என்று நினைத்தால் தனியாகப் போகக் கூடாது. கூட வக்கீலும் வீட்டார் ஒருவரும். நிலையத்துக்குள் நுழையும் நேரத்தையும் வெளியே வரும் நேரத்தையும் வெளியில் நிற்பவர் செல்போனில் குறித்து யாருக்காவது அனுப்பிவிட வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து கூடவே கூடாது. "இனி போராட்டத்தில் கலந்துகொள்ள மாட்டேன்" என்று எழுதி வாங்குவது இந்தப் பக்கம் வழக்கமாக இருக்கிறது. அப்படி எழுதிக் கொடுக்கச் சட்டத்தில் எந்தக் கட்டாயமும் இல்லை. அமைதிக்கான பிணைப்பத்திரம் வாங்க வேண்டுமானால் அதற்கு நிர்வாக நடுவர் முன் தனி நடைமுறை இருக்கிறது, உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் இருக்கிறது.

இனி அனுமதி மனு. இங்கேதான் பெரும்பாலான சங்கங்கள் சறுக்குகின்றன. "ஆர்ப்பாட்டம் நடத்த அனுமதி வேண்டுகிறோம்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுப்பார்கள். மறுப்பதற்கு அதுவே வசதி. மனுவில் தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், துல்லியமான இடம் (அலுவலக வாசலின் எந்தப் பக்கம், சாலையில் எவ்வளவு அகலம் விடப்படும்), எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா, வாகனங்கள் எங்கே நிற்கும், பொறுப்பாளர்கள் மூன்று பேரின் பெயரும் எண்ணும், தன்னார்வலர் எத்தனை பேர், கோரிக்கைகள் என்னென்ன என எல்லாம் இருக்கட்டும். மாற்று இடம் ஒன்று, மாற்றுத் தேதி ஒன்றும் நீங்களே கொடுத்துவிடுங்கள். மறுப்பவர் மூன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

மாவட்டப் பகுதிகளில் இதற்கு அடிப்படை 1861ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் பிரிவு 30. ஆகவே மனுவை டி.எஸ்.பி.க்கு முகவரியிட்டு, நிலைய ஆய்வாளருக்கும் ராமநாதபுரம் கோட்டாட்சியருக்கும் நகல் வையுங்கள். குறைந்தது ஒரு வாரம் முன்னால் கொடுக்க வேண்டும். முந்தைய நாள் மாலை கொடுத்த மனுவை வைத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்திலும் பேச முடியாது. நேரில் வாங்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அன்றே தபாலில் அனுப்புங்கள். நேரில் வாங்கினால் மனு ரசீது கேட்டு வாங்குங்கள்.

பதில் எழுத்தில் மறுப்பாக வந்தாலும், பதிலே வராவிட்டாலும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசியல் சட்டம் 226இன் கீழ் ரிட் போடலாம். "மனுவைப் பரிசீலித்து இத்தனை நாளுக்குள் முடிவெடு" என்று உத்தரவிடுவதும், நிபந்தனைகளோடு நீதிமன்றமே அனுமதிப்பதும் அங்கே அடிக்கடி நடப்பதுதான். வாய்மொழி மறுப்பை வைத்து ரிட் போடுவது கடினம். மனு கொடுத்ததற்குச் சான்று இல்லையென்றால் இன்னும் கடினம்.


வக்கீல்_ராமநாதபுரம்:

சேதுக்கரை அண்ணே சொன்ன திருத்தம் சரி. "போகாதீர்கள்" என்பதை "எழுத்தில் பதில் அனுப்பிவிட்டு, எழுத்தில் அழைப்பு வரும்வரை போகாதீர்கள்" என்று படிக்கவும்.


பாசிக்கரை (சட்டத் தன்னார்வலர்):

கைது பற்றி நான் எழுதுகிறேன். குறிப்பாகப் பெண்களும் வீட்டில் இருப்பவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பிடித்த பிறகு அலைந்து திரிவது பெரும்பாலும் அவர்கள்தான்.

முதலில், கல்யாண மண்டபத்தில் அடைத்து வைப்பது. ஆர்ப்பாட்டத்துக்கு வருபவர்களை வேனில் ஏற்றி அங்கே உட்கார வைத்து மாலையில் விடுவார்கள். "இது கைது இல்லை, சும்மா" என்பார்கள். வெளியே போக விடாவிட்டால் அது காவல்தான். இதற்கு அவர்கள் காட்டுவது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 170. அதைப் பயன்படுத்த, நீங்கள் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் ஒன்றைச் செய்யப் போகிறீர்கள், வேறு வழியில் தடுக்க முடியாது என்ற இரண்டும் அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோரிக்கை அட்டை பிடித்து நிற்பது குற்றம் ஆகாது. எப்படியிருந்தாலும் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது. மண்டபத்தில் எல்லோருடைய பெயரும் உள்ளே வந்த நேரமும் உங்கள் தரப்பில் ஒருவர் ஒரு நோட்டில் எழுதிவிட வேண்டும். மாலையில் விடும்போது யாராவது ஒருவரைத் தனியே நிறுத்திவைத்தால் அந்தப் பட்டியல்தான் காட்டிக்கொடுக்கும்.

இனி வழக்கோடு கைது. அரசியல் சட்டம் 22(1): ஏன் கைது என்று சொல்ல வேண்டும், தனக்குப் பிடித்த வக்கீலைக் கலந்துகொள்ள விட வேண்டும். 22(2): 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள குற்றவியல் நடுவர் முன் கொண்டுபோக வேண்டும். பயண நேரம் மட்டும் கழியும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஒரு மணி நேரம் சொச்சம்தான், அதைச் சொல்லி ஒரு நாளைத் தள்ள முடியாது. விடுமுறை என்றாலும் நடுவர் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

காரணத்தை வாயால் சொன்னால் போதுமா என்பதில் நீண்ட நாள் குழப்பம் இருந்தது. 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கு, காரணம் தெரிவிக்காத கைது சட்டவிரோதம் என்றது. அதே ஆண்டு நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில், எந்தச் சட்டத்தின் கீழான கைதாக இருந்தாலும் காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்றும், அந்த நேரத்தில் முடியாவிட்டால் ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னால் கொடுத்தாக வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டி "கையெழுத்துப் போடு" என்றால், தமிழில் கேளுங்கள். கொடுக்காவிட்டால் கையெழுத்துக்கு மேலே "தமிழில் தரப்படவில்லை, இரவு இத்தனை மணி" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். அந்த ஒரு வரி பிறகு வக்கீலுக்குப் பெரிய பிடி.

கைதுக் குறிப்பு என்று ஒன்று உண்டு, பிரிவு 36. அதில் குடும்பத்தார் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் போட வேண்டும். இங்கே நடக்கும் தவறு என்னவென்றால், காலையில் பிடித்தவரை இரவு கைது செய்ததாக நேரம் எழுதுவார்கள், 24 மணிக் கணக்கை அங்கிருந்து தொடங்குவார்கள். சுதந்திரம் பறிபோன நேரத்திலிருந்துதான் கணக்கு. ஆகவே கையெழுத்துப் போடும் வீட்டார் அந்த நேரத்தைப் பார்க்காமல் போடக் கூடாது. தவறாக இருந்தால் சரியான நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள்.

பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் அதிகாரி எழுத்தில் கோரி, முதல் வகுப்பு நடுவரின் முன் அனுமதி வாங்க வேண்டும். அக்கா, தங்கச்சிகளிடம் இதைச் சொல்லிவையுங்கள்: இரவில் கதவைத் தட்டினால் முதலில் கேட்க வேண்டியது "நடுவர் அனுமதி எங்கே, பெண் போலீஸ் எங்கே" என்பதுதான். 60 வயது கடந்தவரை, மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்துக்கு, டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்ய முடியாது. இது 35(7), புதிய சட்டத்தில் வந்த நல்ல பாதுகாப்பு. தலைவருக்கு இது பொருந்தும்.

வீட்டார் வேலை என்று வரிசையாகச் சொன்னால்: எந்த நிலையம், யார் பிடித்தது என்று உறுதிசெய்வது, மாவட்டப் போலீஸ் கட்டுப்பாட்டு அறையில் கைதானவர் பெயர் இருக்கிறதா என்று கேட்பது, ஒவ்வொரு நிலையத்திலும் இதற்கென்று ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்று பிரிவு 37 சொல்கிறது, 15100க்குப் பேசி அல்லது ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய் இலவச வக்கீல் கேட்பது. காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. எங்கும் பெயர் இல்லை, ஆள் எங்கே என்று தெரியவில்லை என்றால் காத்திருக்காமல் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு.

மருத்துவப் பரிசோதனை கைதானதும் நடக்க வேண்டும், அறிக்கை நகல் கைதானவருக்குத் தர வேண்டும், பிரிவு 53. டாக்டர் முன் போலீஸ் நிற்கிறதே என்று பயந்து "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டால் பிறகு நிரூபிக்க வழியில்லை. நடுவர் முன்னும் அப்படியே. "ஏதாவது சொல்ல வேண்டுமா" என்று அவர் கேட்பது சடங்குக்காக அல்ல. எப்போது பிடித்தார்கள், அடித்தார்களா, வக்கீலைப் பார்க்க விட்டார்களா என்பதை அங்கேயே, சத்தமாகச் சொல்ல வேண்டும். 2020இல் பக்கத்து மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் என்ன நடந்தது என்று நம் கரையில் எல்லோருக்கும் தெரியும். நடுவர் கைதானவரை நேருக்கு நேர் பார்த்து, காயம் உண்டா என்று கவனித்து ரிமாண்ட் செய்ய வேண்டும் என்ற விதி வெறும் தாளாக இருந்தால் விளைவு அப்படித்தான் இருக்கும். அடி விழுந்ததாகத் தெரிந்தால் நிலையத்து சி.சி.டி.வி. பதிவைப் பாதுகாக்கச் சொல்லி உடனே எழுத்தில் கேளுங்கள். பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மாநில மனித உரிமை ஆணையத்துக்குக் கட்டணமில்லாமல் புகார் அனுப்பலாம், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள்.

முகாம் தம்பி விஷயம். சமத்துவம் (14), உயிரும் உடல் விடுதலையும் (21), கைதுப் பாதுகாப்பு (22) ஆகியவை "எந்த நபருக்கும்" உரியவை. நான் மேலே எழுதிய 24 மணி நேரம், வக்கீல், எழுத்தில் காரணம், இலவசச் சட்ட உதவி எல்லாமே அவருக்கும் உண்டு. குடியுரிமை இல்லாதவரையும் 21 காக்கும் என்று 1996இல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் பேச்சு, கூட்டம், சங்கம் பற்றிய 19 குடிமக்களுக்கு மட்டும். 2025ஆம் ஆண்டு குடியேற்றம், வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் எங்கே தங்க வேண்டும் என்று அரசு அவருக்கு உத்தரவிட முடியும். இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த நிலை என்பது வேதனையான விஷயம், ஆனாலும் இன்றைய சட்டம் இதுதான். எனவே அவர் பெயர் பொறுப்பாளர் பட்டியலிலோ மனுவிலோ இருக்க வேண்டாம். அவருக்கு ஆபத்து மற்ற மூவரைவிட அதிகம். முதலில் வக்கீல் ஏற்பாடு செய்ய வேண்டியது அவருக்குத்தான்.


வாடைக்காற்று:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். இளைஞருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் படம் வந்திருக்கிறது, 35(3) என்று போட்டிருக்கிறது. அது செல்லுமா? நேரில் போனபோது செல்போனை வாங்கி வைத்துக்கொண்டால் என்ன செய்வது? இன்னொன்று, இங்கே ஸ்டேஷன் போலீஸ் மட்டுமில்லை, மெரைன் போலீஸ், கியூ பிரிவு, சுங்கம், வனத்துறை, கோஸ்ட் கார்டு என்று ஆளாளுக்கு வருகிறார்கள். எல்லோருக்கும் இதே விதிதானா?


வக்கீல்_ராமநாதபுரம்:

வாட்ஸ்அப்பில் அனுப்புவது 35(3)க்கு முறையான சேர்ப்பு ஆகாது. 2025 ஜனவரியில் சதேந்தர் குமார் ஆன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நேரடியாகச் சொன்னது. ஆனாலும் அந்தப் படத்தை அழிக்காதீர்கள். அதில் வழக்கு எண் இருந்தால் எந்தப் பிரிவுகள் என்று தெரிந்துவிடும். முறையாக நோட்டீஸ் கொடுத்த பிறகு அதன்படி ஆஜராகிக்கொண்டே இருப்பவரை, காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது. ஆஜராகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். அதனால் முறையான நோட்டீஸை அலட்சியப்படுத்தவே கூடாது.

செல்போன்: கைப்பற்றினால் பட்டியல் எழுத வேண்டும், சாட்சிகள் கையெழுத்து வேண்டும், தேடுதலையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்து நடுவருக்கு அனுப்ப வேண்டும், பிரிவு 105. பட்டியல் இல்லாமல் "கொஞ்சம் பார்த்துட்டுத் தரேன்" என்று வாங்கினால், யார், எத்தனை மணிக்கு வாங்கினார் என்று அன்றே எஸ்.பி.க்கு எழுதுங்கள். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியல் சட்டம் 20(3). குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்கு விசாரணை நிலையிலேயே பதில் சொல்லாமல் இருக்கலாம் என்று 1978இல் நந்தினி சத்பதி வழக்கு சொல்கிறது. பெயர், முகவரியை மறைக்காதீர்கள். மற்றதற்கு, "வக்கீலைக் கலந்துகொண்டு சொல்கிறேன்." விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை பிரிவு 38இல் இருக்கிறது, விசாரணை முழுக்கக் கூட உட்கார முடியாது என்றாலும்.

ஆளாளுக்கு வருவது பற்றிக் கேட்டது முக்கியமான கேள்வி. கடலோரப் பாதுகாப்புக் குழுமமும் (மெரைன் போலீஸ்) கியூ பிரிவும் தமிழ்நாடு போலீஸ்தான், விதி ஒன்றே. கோஸ்ட் கார்டோ கடற்படையோ கடலில் பிடித்தால் கரைக்குக் கொண்டுவந்து உரிய துறையிடம் ஒப்படைக்க வேண்டும். கடலில் வரும் நேரம் பயண நேரமாகக் கழியும், கரையில் உட்கார வைத்திருக்கும் நேரம் கழியாது. சுங்கத்துறையில்தான் எச்சரிக்கை தேவை. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. சுங்க அதிகாரி போலீஸ் அல்ல என்பதால், சுங்கச் சட்டம் 108இன் கீழ் அவரிடம் எழுதிக் கொடுத்தது உங்களுக்கு எதிராகவே பயன்படும். மிரட்டி எழுதி வாங்கியிருந்தால், நடுவர் முன் ஆஜராகும் முதல் வாய்ப்பிலேயே அதைச் சொல்லி மறுத்துவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். கடல் அட்டை விஷயமானால் வனத்துறை, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணை. அது கடுமையான வழக்கு, ஆனால் அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு அங்கும் அப்படியே பொருந்தும்.

ஆர்ப்பாட்டத்தன்று ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். சும்மா கூடியதற்குப் போடும் பிரிவுகள், அதாவது புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 189(2), 126(2), 285, 223 எல்லாம் ஜாமீனில் விடக் கூடியவை. ஜாமீன் அங்கே உரிமை. ஆனால் தடுப்பைத் தள்ளும்போது ஒரு போலீஸ்காரர் மேல் கை பட்டால் 132 சேர்ந்துவிடும், அது ஜாமீனில் விட முடியாத குற்றம். கண்ணாடி உடைந்தால் பொதுச்சொத்துச் சேதச் சட்டம். தன்னார்வலர்களை முன்வரிசையில் நிறுத்துங்கள், தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டு பக்கமிருந்தும் வீடியோ எடுங்கள்.


கீழக்கரையான்:

பாஸ்போர்ட் கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகளைப் போராட்டத்துக்கு வராமல் தடுப்பது பெரும்பாலும் இந்தப் பயம்தான்.

பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) சொல்வது, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் மறுக்கலாம் என்று. எஃப்.ஐ.ஆர். பதிந்ததாலேயே நீதிமன்றத்தில் நிலுவை ஆகிவிடாது. குற்றப்பத்திரிகை போய், நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுத்த பிறகுதான். நீதிமன்றம் எடுத்துவிட்டாலும் கதவு மூடவில்லை. 1993 ஆகஸ்ட் 25 தேதியிட்ட ஜி.எஸ்.ஆர். 570(இ) அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் வெளிநாடு செல்ல அனுமதி உத்தரவு வாங்கிக் கொடுத்தால் பாஸ்போர்ட் தர வேண்டும். அந்த உத்தரவில் எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குத்தான் கிடைக்கும். அதனால் மனுவிலேயே கால அளவைக் கேட்டு, உத்தரவில் எழுதி வாங்குங்கள். விண்ணப்பத்தில் வழக்கு பற்றிய கேள்விக்கு உண்மையை எழுத வேண்டும். மறைத்தது தெரிந்தால் வழக்கைவிட அதுதான் பெரிய தொல்லை.

முதலில் எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா என்று பாருங்கள். 2016இல் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் வந்த உத்தரவின்படி, பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்றவை தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். இணைய இணைப்புப் பிரச்சினை என்றால் 72 மணி நேரம் வரை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நகல் கேட்கும் உரிமையும் உண்டு.

அதில் 223 மட்டும் இருந்தால், அதாவது அதிகாரியின் உத்தரவை மீறியது, பழைய 188, அந்த வழக்கு அடிப்படையிலேயே பலவீனமானது. அந்தக் குற்றத்துக்கு உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலானவரோ எழுத்தில் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 215. போலீஸ் தானே எஃப்.ஐ.ஆர். போட்டுக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய முடியாது என்று 2018இல் ஜீவானந்தம் வழக்கில் மதுரைக் கிளையே சொல்லியிருக்கிறது. போராட்டக்காரர்கள் மேல் போட்ட வழக்குகள் பற்றிய தீர்ப்பு அது. அதைக் காட்டி பி.என்.எஸ்.எஸ். 528இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். 189(2) போன்றவற்றையும் சேர்த்திருந்தால், அந்தப் பிரிவுகளுக்குரிய செயல் எஃப்.ஐ.ஆரில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வக்கீலை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள்.

தம்பிக்கு நான் சொல்வது: போலீஸ் வெரிஃபிகேஷன் வரும் முன்னால் எஃப்.ஐ.ஆர். நகல், 35(3) நோட்டீஸின் நகல், நீங்கள் அனுப்பிய பதில், தபால் ஒப்புகை நான்கையும் ஒரே கோப்பில் வைத்து இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். "பாதகம்" என்று அறிக்கை போனால் மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதில் சொல்லியிருக்கும் கெடுவுக்குள் இந்தக் கோப்பையும், நீதிமன்றத்தில் வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை என்ற விளக்கத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.